இரண்டு அறிக்கைகள்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை மதியம் அந்த ஏழு மாடிக் குடியிருப்பைப் பெருக்கித் துடைக்கும் பெண் லிஃப்ட் குழிக்குள் விழுந்தாள். இரண்டாம் மாடியில் கதவை இழுத்தாள், கதவு திறந்தது. லிஃப்ட் வந்து நிற்கிறது என்று நம்பி, தண்ணீர் வாளியை இழுத்தபடி பின்பக்கமாகக் காலை வைத்தாள். லிஃப்ட் அப்போது ஆறாம் மாடியில் இருந்தது.

அன்று சாயங்காலம் மருத்துவமனை வராந்தாவில் அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைப் போன வாரம் கேட்டோம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தங்கை அதே மருத்துவமனையில் நர்ஸ்.

"ரெண்டாவது மாடிக் கதவுப் பூட்டு தேஞ்சு போச்சு பாப்பா. புதுசு வர்ற வரைக்கும் லிஃப்ட் ஓடட்டும்னு நான்தான் ஒயர் போட்டு வெச்சேன்."

ஒரு கதவு சரியாகப் பூட்டவில்லை என்றாலும் லிஃப்ட் நகரக் கூடாது. அதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அந்த ஸ்விட்சை ஏமாற்ற ஒரு விரல் நீள ஒயர் போதும். விபத்து நடந்ததும் முதலில் ஓடியவர் அண்ணன்தான். மற்றவர்கள் குழியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அவர் மேலே அந்த ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கம்பெனி ஓர் அறிக்கை தயாரித்தது. வாட்ச்மேன் தன்னிடமிருந்த அவசரச் சாவியால் கதவைத் திறந்து, பூட்டாமல் விட்டுவிட்டார் என்றது அது. கீழே அண்ணனின் கையெழுத்து. அன்றே வாட்ச்மேனைப் போலீஸ் கூட்டிப் போனது. திங்கட்கிழமை காலை கோர்ட்.

நடுவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

*

விடிந்ததிலிருந்து தூறல். சபை வாசலில் ஆராதனைக்கு வந்தவர்களின் ஈரக் குடைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தங்கை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

உடம்பு சரியில்லை என்று சொல்லி அண்ணன் இன்றைக்கு ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்திருந்தாள். அவரோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். சபைப் பெரியவர்களில் ஒருவரான அவருக்கு 'லிஃப்ட் மூப்பர்' என்று பெயர். ஆறு நாள் ஊரைத் தூக்குகிறார், ஏழாம் நாள் நம்மைத் தூக்குகிறார் என்று போதகரே கேலி செய்வார்.

அன்று புதிதாக ஒருத்தியைச் சபையில் சேர்த்துக்கொள்ளும் நாள். ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வியைக் கேட்க வேண்டியவர் மூப்பர்.

"இயேசு கிறிஸ்துவே உன் ஆண்டவர் என்று இந்தச் சபைக்கு முன்பாக அறிக்கை செய்கிறாயா?"

'செய்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் சொல்லவில்லை.

"ஐயா, ஒண்ணு கேட்டுக்கலாமா?"

அண்ணன் போதகரைப் பார்த்தார். போதகர் தலையாட்டினார்.

"கேளும்மா."

"சொல்லிட்டேன்னா, அப்புறம் எனக்குத் தோதுப்பட்ட இடத்துல மட்டும் அவர் பேச்சைக் கேக்கறதுன்னு வெச்சுக்க முடியாது இல்லீங்களா? எல்லாத்துலயும் கேக்கணும். அப்படித்தானே?"

பின்வரிசைகளில் சிரிப்புக் கிளம்பியது. போதகரும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"அப்படித்தாம்மா" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் கூடப் பொறந்தவங்களோட எனக்கு ஆறு வருஷமாப் பேச்சு இல்ல. அதான் கேட்டேன்." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "சரி. அறிக்கை செய்றேன்."

எல்லாரும் எழுந்தார்கள். வழக்கம்போல அண்ணன் முன்னால் சொல்ல, சபை பின்னால் சொன்னது. இயேசு கிறிஸ்துவே ஆண்டவர். தங்கை எழுந்து நின்றாளே தவிர வாய் வரவில்லை. அண்ணனின் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கேயாவது ஓரிடத்தில் அது தடுக்கும் என்று காத்திருந்தாள். அது தடுக்கவே இல்லை. போன வாரம் போலவே, அதற்கு முந்தின வாரம் போலவே, தெளிவாக, கணீரென்று இருந்தது.



*

மதியச் சாப்பாட்டுக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை வழக்கம். இன்றைக்குப் போகாமல் இருந்தால் அதுவே ஒரு பேச்சாகிவிடும் என்று போனாள்.

அண்ணி தட்டு வைத்தாள். பரீட்சைக்குப் படிக்கிற மகளை உள் அறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தச் சாத்தலிலேயே தெரிந்தது.

"அண்ணா, இன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டதுக்கு அப்படித்தான்னு சொன்னீங்களே."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாப்பிடு பாப்பா."

"அந்த வாட்ச்மேன் எந்தக் கதவையும் தொறக்கல."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

அண்ணி குறுக்கே வந்தாள். "அவர் என்ன வேணும்னா செஞ்சார்? பூட்டு வேணும்னு கம்பெனில மூணு தடவை கேட்டிருக்கார். வரல. மேல குடியிருக்கிறவங்க லிஃப்ட் ஏன் ஓடலன்னு தினம் போன்ல கத்துறாங்க. ஓட வைக்கச் சொன்னவன் எல்லாம் வீட்ல நிம்மதியாத் தூங்குறான். இவர் மட்டும் உள்ள போகணுமா?"

"இப்ப உள்ள இருக்கிறது யாரு அண்ணி?"



அண்ணன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். மூன்று நாளில் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டிருந்தது. "நான் தூங்குறேன்னு நினைக்கிறியா? மூணு நாளா முழங்கால்ல நின்னு அழுதுட்டேன். ஆண்டவர்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். அவர் மன்னிச்சிட்டார்."

"மன்னிச்சவர், சும்மா இருன்னு சொன்னாரா?"

"பாப்பா!"

"ஆண்டவர் ஆண்டவர்னு சொல்றோமே, அப்படின்னா எப்பவோ ஆண்டு முடிச்சவரா அண்ணா? இப்ப ஆளுறவர் இல்லையா? சபைல மட்டும் அவர் ராஜ்யம், லிஃப்ட் கம்பெனில வேற ராஜ்யமா?"

"அம்மாவும் அப்பாவும் போனப்ப உனக்கு ஒம்பது வயசு" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "காலேஜை விட்டுட்டு ஸ்பேனரைக் கையில எடுத்தேன். உன்னைப் படிக்க வெச்சேன். என்னிக்காவது உங்கிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா? இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். வாயை மூடிக்கிட்டு இரு. அவ்வளவுதான்."

இதற்குத்தான் அவள் பயந்தாள். சட்டம் பேசினால் பதில் சொல்லலாம். அவர் இதைச் சொல்லுவார் என்று தெரிந்தும், இதற்கு மட்டும் ஒரு பதிலைத் தயார் செய்ய அவளால் முடியவில்லை.

இந்த வீட்டில் அண்ணன் சொன்னதற்கு மறுசொல் இருந்ததில்லை. என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது, எந்த வரனை வேண்டாம் என்று சொல்வது, எல்லாம் அவர்தான். அவளும் ஒருநாள்கூட அதைப் பாரமாக நினைத்ததில்லை. கடவுளுக்கு முகம் வைத்துப் பார்த்தபோதெல்லாம் சின்ன வயதில் அவளுக்கு அண்ணன் முகம்தான் வந்திருக்கிறது.

"நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொன்னதே இல்ல அண்ணா" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "மூணு நாளா வாயைப் பொத்திக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த அக்காவோட காலைத் திருப்பிப் போடுறது நான். அவங்க முகத்தைப் பாக்கிறது நான். இனிமே முடியல. ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி. எட்டு மணிக்கு முடியும். அதுக்குள்ள நீங்க போய்ச் சொல்லலன்னா, நான் போய்ச் சொல்வேன்."

"உன் அண்ணனைக் காட்டிக் கொடுப்பியா?"

அவள் எழுந்து கையைக் கழுவப் போனாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. பின்னால் அண்ணி சொன்னது காதில் விழுந்தது.

"சோறு போட்ட கையைக் கடிக்குதுங்க."

*

வார்டில் பதினான்காம் நம்பர் கட்டில்.

இன்னொரு நர்ஸோடு சேர்ந்து, முதுகு வளையாமல், துப்புரவுப் பெண்ணை ஒரே மரக்கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டினாள் தங்கை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தாள். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்கத் துணியைச் சுருட்டி வைத்தாள்.

"இப்ப தொடுறேனே, தெரியுதா அக்கா?"

"எங்கே தொடுறே?"

தங்கை கையை எடுத்துக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா, நாளைக்குத் தெரியும்" என்று அவளே தங்கையைத் தேற்றினாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த வாட்ச்மேன் அண்ணனைப் பிடிச்சுட்டாங்களாமே. அவரா கதவைத் தொறந்து போட்டிருப்பார்? எறும்பு சாகுமேன்னு பாத்து நடக்கிற மனுஷன். நான்தான் திரும்பிப் பாக்காமக் காலை வெச்சுட்டேன் போல. எம்மேலதான் தப்பு" என்றாள்.

"உங்க மேல தப்பே இல்ல அக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. தங்கை போர்வையின் சுருக்கத்தை நீவினாள். நீவி முடித்த இடத்தையே மறுபடி நீவினாள்.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். ஈரச் செருப்புகளோடு ஆட்கள் உள்ளே வந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. தோள்பட்டை இரண்டும் மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. குடை கொண்டு வர மறந்துவிட்டிருக்கிறார்.

அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலருகே வந்து நின்றார்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"லிஃப்ட்டுக்கு வர்ற அண்ணன்தானே? உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "நீங்க விழுந்ததுக்கு நான்தாம்மா காரணம்" என்றார்.

சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. தேய்ந்த பூட்டு, ஒயர், கழற்றியது, கையெழுத்து. எதையும் குறைக்கவில்லை; எதற்கும் காரணம் சொல்லவில்லை. தங்கை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தனை நாளா இருந்துச்சு அந்த ஒயரு?"

"பதினோரு நாள்."

"பதினோரு நாளும் அதுலதான் ஏறி இறங்கினேன்." உதட்டை நக்கிக்கொண்டாள். "ஒரு நாள் என் பேத்தியைக்கூடக் கூட்டிட்டு வந்தேன். லிஃப்ட்ல போகணும்னு அழுதுச்சுன்னு."

அண்ணன் கைகூப்பினார். "என்னை..."

"வேண்டாம்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மன்னிப்பு எல்லாம் இப்ப எங்கிட்ட கேக்காதீங்க. எங்கிட்ட அது இல்ல. படுத்துக் கெடக்கிறவகிட்ட வந்து சொல்றது சுலபம்ண்ணே. எங்கே சொல்லணுமோ அங்கே போய்ச் சொல்லுங்க. அவருக்கு நாளைக்குக் கோர்ட்டாம்."

பிறகு தங்கை பக்கம் பார்க்காமலே சொன்னாள். "நீ அவர் தங்கச்சியா? மூக்கு அதேமாதிரி இருக்கு. என்னைச் சுவத்துப் பக்கம் நல்லாத் திருப்பிவிடு. வேற யாராவது வந்து திருப்பினாக்கூடப் பரவாயில்ல."

*

இன்னொரு நர்ஸிடம் ஒரு மணிநேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தங்கையும் அண்ணனோடு கிளம்பினாள். போலீஸ் ஸ்டேஷன் மூன்று தெரு தள்ளி. ஒரே குடையில் இருவரும் நடந்தார்கள். குடை அண்ணன் கையில் இருந்தது. பழக்கத்தில் அவள் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தார்.

"மதியம் நீ போனப்புறம் ஜெபம் பண்ணலாம்னு உக்காந்தேன்" என்றார் திடீரென்று. "ஆண்டவரேன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல பாப்பா. அந்த ஒரு வார்த்தையிலேயே நின்னுட்டேன். மூணு நாளா நான் அவரை வக்கீல் மாதிரி வெச்சிருந்திருக்கேன். என் பக்கம் பேசுங்க, என் பக்கம் பேசுங்கன்னு."

"பயமா இருக்கா அண்ணா?"

"பொண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்சை. அவகிட்ட நான் இன்னும் சொல்லல."



ஸ்டேஷன் வராந்தாவில் நீளமான மரப் பெஞ்சு. அதில் ஒரு வயதான அம்மாள் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் தங்கை உட்கார்ந்தாள். அண்ணன் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"அந்த லிஃப்ட் கேஸா?" என்றார் இன்ஸ்பெக்டர். கொட்டாவி விட்டார். "அது முடிஞ்சுதுய்யா. மத்தியானம் அந்த வாட்ச்மேனே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டான். சாவி போட்டுத் தொறந்தேன், பூட்ட மறந்துட்டேன்னு. உன் அறிக்கையும் அதேதான் சொல்லுது. ரெண்டும் சரியாப் பொருந்துது. இதுக்கா மழையில வந்தே? ஞாயித்துக்கிழமை, வீட்டுக்குப் போய்ப் புள்ளைகுட்டியோட இரு."

தப்பிக்க ஒரு கதவு இவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று தங்கை எதிர்பார்க்கவில்லை. 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் போதும். ஒருவரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும், அவர் திரும்பிவிடட்டும் என்று ஒரு கணம் அவள் ஆசைப்பட்டாள்.

"சார்" என்றார் அண்ணன். "அவர் எழுதினது பொய். நான் எழுதினதும் பொய்."

நாற்காலி தரையில் உரசிய சத்தம் கேட்டது.

"என்ன சொல்றே?"

"அந்த அறிக்கையைத் திருப்பிக் குடுங்க சார். வேற எழுதித் தர்றேன்."

பெஞ்சில் இருந்த அம்மாள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். "உள்ள போனவரு உங்க வீட்டாளாம்மா?"

"எங்க அண்ணன்."

"யாருங்க அவரு?"

"லிஃப்ட் மெக்கானிக்." தங்கைக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "நீங்க வாட்ச்மேனோட..."

"வீட்டுக்காரிதான்."

தங்கை அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலைப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் எங்க பக்கம்தான். எங்க அண்ணன் அதைச் சொல்லத்தான் வந்திருக்கார். இன்னிக்கே அவரை விட்டுருவாங்க."

அந்த அம்மாள் அழுவாள், அல்லது கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"அய்யய்யோ, ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"அம்மா?"

"கம்பெனி ஆளுங்க காலையில வந்தாங்க. எங்க வீட்டுக்காரரு எழுதிக் குடுத்தா எங்க பொண்ணுக்கு ஆபீஸ்ல நிரந்தரமா வேலை போட்டுத் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. நாளைக்கு அவ சேரணும். அந்த மனுஷன், எனக்கு அறுபத்திரண்டு வயசாச்சு, ரெண்டு வருஷம் உள்ள கெடந்தா கெடந்துட்டுப் போறேன், அவ ஒருத்தி தலைநிமிர்ந்து நிக்கட்டும்னு யோசிச்சுக் கையெழுத்துப் போட்டாரும்மா." சாப்பாட்டு டப்பாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "மூணு நாளா எங்கே போயிருந்தாரு உங்க அண்ணன்? நேத்திக்கு வந்திருந்தா கும்பிட்டிருப்பேன். இப்ப வந்து, அவரு மனசு சுத்தமாகணும்னு எங்க பொண்ணு சோத்துல மண்ணைப் போடணுமா?"

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "யாருய்யா அங்கே? அந்தப் பெரியவரைக் கொண்டு வா. ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சுக் கேக்கணும்."

கான்ஸ்டபிள் வாட்ச்மேனை அழைத்து வந்தார். யூனிஃபார்ம் சட்டையின் மேல் பொத்தான் இல்லை. செருப்பில்லாத கால்கள். இரண்டு நாளில் அவருக்குத் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் அண்ணனும் அவரும் அருகருகே நின்றார்கள்.

"பெரியவரே, இந்தாளு என்னென்னவோ சொல்றாரு. ஒயராம், பூட்டாம். நீங்க கதவைத் தொறக்கவே இல்லைங்கிறாரு. எது நிஜம்? தொறந்தீங்களா, இல்லையா?"

வாட்ச்மேன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. வாசலில் டப்பாவோடு எழுந்து நின்ற மனைவியைத்தான் பார்த்தார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல் அவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

"சொல்லுங்க" என்றார் அண்ணன். கெஞ்சினார். "நிஜத்தைச் சொல்லுங்க ஐயா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

வாட்ச்மேன் அவர் தோளில், இன்னும் ஈரம் காயாத வெள்ளைச் சட்டையில், கை வைத்தார்.

"நான்தான் தொறந்தேன் சார்" என்றார். "இந்தத் தம்பி நல்ல மனுஷன். கோயிலுக்கு எல்லாம் போறவரு. மனசு கேக்காம ஏதோ சொல்றாரு. வீட்டுக்கு அனுப்பிருங்க."